ஊளையிட்ட கிட்டார்

இன்னும் கொஞ்சம் பக்கத்தில் வந்து உட்காருங்கள். இந்தக் கூத்தைக் கத்திச் சொன்னால் ருசிக்காது.

மைக்செட் தங்கப்பழம் என்றால் கழுகுமலை வட்டாரமே கிடுகிடுக்கும். அன்றைக்குக் கோயில் கொடைத் திருவிழாக் கச்சேரி, பதிவும் செய்கிறார்கள். பேஸ் கிட்டார் வாசிக்க வந்த செண்பகவல்லிக்கு அதுதான் முதல் மேடை. அவளுடையதோ வயிறு பெருத்து, நடுவில் வாய் போல ஓட்டை உள்ள மரக் கிட்டார். சத்தத்தைக் குறைத்தால் டிரம்ஸுக்கு நடுவே கேட்கவில்லை. கூட்டினால் ஸ்பீக்கர் ‘ஊ...’ என்று ஊளையிட்டது.

தங்கப்பழம் மேடையேறி வந்தார். “ஏ புள்ள, கடைசி வரிசைக்கும் கேக்கணும், ஊளையும் வரக்கூடாது. முடியலைன்னா இந்த மரப்பானையத் தூக்கிட்டு எறங்கு!”

“ஸ்பீக்கர் சத்தம் இதோட வாய்க்குள்ள போய்த்தான் ஊளையிடுது அண்ணாச்சி. வாயை அடைச்சா அடங்கிரும்.”

“எதை வச்சு அடைப்ப?”

“சாயங்காலம் உங்களுக்குப் பொன்னாடை போர்த்தலைன்னு என்ன கத்து கத்துனீங்க! போர்த்துனதும் கப்புன்னு அடங்கலையா? அதே வைத்தியம்தான்.”

மைக் திறந்தே இருந்ததால் ஊரே கேட்டுச் சிரித்தது. செண்பகவல்லி தங்கப்பழத்தின் தோளில் கிடந்த பொன்னாடையைப் பணிவாக உருவிக் கிட்டாரின் வாயில் திணித்து வாசித்தாள். கடைசி வரிசை நாற்காலிகூட ‘தும் தும்’ என்று அதிர்ந்தது. ஊளையைக் காணோம்.

பாட்டு முடிந்ததும் தங்கப்பழம் ஏதோ சொல்ல வந்தார். அவர் வாய் திறப்பதற்குள் செண்பகவல்லி பொன்னாடையை உருவி, உதறி, மறுபடி அவருக்கே போர்த்திவிட்டாள்.