லாரியாகப் பாடிய தவளை

காட்டோரக் குளத்தில் மழவராயன் என்று ஒரு தவளை. பரம்பரைப் பாடகன். அவனுடைய "கொர்ர்ர்" கேட்டால் நத்தைகூட நின்று தலையாட்டும். நத்தை நிற்பதும் நடப்பதும் ஒன்றுதான், ஆனாலும் சொல்கிறேன்.

அந்தக் குளத்தில் ஒரு வழக்கம். மழை விழுந்ததும் ஆண் தவளைகள் ஒரு கரையில் உட்கார்ந்து பாட வேண்டும். எதிர்க்கரையில் மணப்பெண் கண்ணை மூடிக்கொண்டு கேட்பாள். பிடித்த குரலை நோக்கி ஒரே தாவு. கல்யாணம் முடிந்தது. மழவராயனின் மாமன் மகள் ஆம்பல் அவன் குரலுக்காகவே காத்திருந்தாள்.

இவனுக்கோ பரம்பரைப் பாட்டு அலுத்துவிட்டது. "எத்தனை நாளைக்குத்தான் கொர்ர்ர்? சங்கீதம் முன்னேற வேண்டாமா?" என்று கேட்டுவிட்டு, சாலையோர டிரான்ஸ்பார்மருக்கு அடியில் குடிபோனான்.

அங்கே முதலில் டிரான்ஸ்பார்மரின் "கொய்ங்ங்" கற்றான். அது அலுத்ததும் ஜூஸ் கடை மிக்சியின் "கர்முர்ர்". அப்புறம் ஒருநாள் வாயை இறுக மூடிக்கொண்டு மேடையில் உட்கார்ந்தான். "கரண்ட் போய்விட்டது. கச்சேரி நடக்கிறது" என்று நடுவில் ஒருமுறை அறிவித்தான்.

காடே திரண்டு வந்து கேட்டது. "உனக்கு ஏதாவது புரியுதா?" என்று நரி காதோடு கேட்டது.

"ஒரு மண்ணும் புரியல. அதனாலதான் உசத்தி" என்றது உடும்பு. உடும்பு ஒன்றைப் பிடித்தால் விடுமா? எல்லோரும் கைதட்டினார்கள். முயல் மட்டும் தலைவலி என்று எழுந்து போனது. அதற்கு ஞானம் போதாது என்றார்கள்.

மழை விழுந்தது. மழவராயன் குளத்துக்கு ஓடிவந்தான். எதிர்க்கரையில் ஆம்பல் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். தன் புத்தம்புதிய உருப்படியை எடுத்துவிட்டான். லாரி ரிவர்ஸ் வரும்போது கத்துமே, அந்த "பீப்... பீப்... பீப்".

காட்டோரத் தவளைகளுக்கு அந்தச் சத்தத்துக்கு ஒரே அர்த்தம்தான்: சட்னி. "லாரிடா!" என்று ஒருவன் கத்தினான். மாப்பிள்ளைகள் மூலைக்கு ஒருவராய்ச் சிதறினார்கள். எல்லோருக்கும் முன்னால் தாவியவள் ஆம்பல்தான். ஆனால் புதருக்குள்.

"ஆம்பல், நான்தான், உன் அத்தான்" என்று இவன் கெஞ்சினான்.

புதரிலிருந்து பதில் வந்தது. "அத்தான் குரல் எனக்குத் தெரியும். லாரிக்கு யாராவது வாழ்க்கைப்படுவாங்களா? அடுத்த மழைக்கு அத்தான் பாடினா தாவறேன். இல்லேன்னா நல்லாப் பாடற வேற யாராவது கிடைப்பாங்க."

மழவராயன் அங்கேயே பழைய பாட்டைப் பாடிப் பார்த்தான். மிக்சிதான் வந்தது.

கழுத்தளவு தண்ணீரில் நின்று சாதகம் செய்தால் குரல் தேறும் என்பார்கள். தவளைக்குக் கழுத்தளவு என்றால் எருமையின் குளம்புத் தடத்தில் தேங்கிய தண்ணீர் போதும். விடியற்காலையில் அதில் இறங்கிப் பாடினான். எருமை மறுபடி அங்கேயே காலை வைக்க வந்தது. பக்கத்துத் தடத்துக்கு மாறிப் பாடினான். இப்படியே நாள் போக, மிக்சி கொஞ்சம் கொஞ்சமாக ஓய்ந்தது.

ஒருநாள் உடும்பு வந்து கேட்டுவிட்டுத் தரையில் புரண்டு அழுதது. "அய்யோ, எல்லாம் புரியுதே. இப்படிக் கெட்டுப் போயிட்டியே!"

அடுத்த மழை வந்தது. கரை நிறைய "கொர்ர்ர்". அதற்குள் ஒரு குரல் சுத்தமாக மேலே எழுந்தது. முடிக்கும் இடத்தில் மட்டும், பழக்கதோஷம், ஒரு சின்னக் "கொய்ங்".

மற்ற மாப்பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஆம்பல் சிரிக்கவில்லை. அவ்வளவு இரைச்சலில் அத்தான் எந்தப் பக்கம் என்று தெரியாமல் தவித்துக்கொண்டிருந்தவள் அவள். டிரான்ஸ்பார்மருக்கு அடியில் குடியிருந்தவன் அத்தான் ஒருவன்தானே? அந்தக் கொய்ங் வந்த இடத்தை நோக்கி ஒரே தாவு தாவினாள்.

ஊரெல்லாம் சுற்றி எதை வேண்டுமானாலும் கற்றுக்கொள்ளலாம். நம்மை நம்பிக் காத்திருப்பவர்களுக்கு அடையாளம் தெரிகிற குரலை மட்டும் தொலைத்துவிடக் கூடாது.