இடைவேளை வரைக்கும்

வார நாட்களில் காற்று வாங்கும் தியேட்டர் ஒன்று ஒரு சிற்றூரில் இருந்தது. மாதம் ஒரு முறை பணம் கட்டினால் எத்தனை தடவை வேண்டுமானாலும் படம் பார்க்கலாம் என்று அங்கே ஒரு பாஸ் பிறந்தது. வழவழப்பான அட்டை. கவுண்டரில் கிடந்த சாதா டிக்கெட்டைப் பார்த்து, "நீ வாசல்லயே கிழிபடுவே. என்னைக் கிழிக்க ஆளே கிடையாது" என்றது.

டிக்கெட்டுக்கு அது தெரிந்ததுதான். கிழிபடத்தான் அது பிறந்திருந்தது.

பாஸ் வாங்கியவர்களில் தையல்கடை ஞானசெல்வியும் ஒருத்தி. வாரத்தில் மூன்று நாள் வந்தாள். மற்றவர்களும் அப்படித்தான். வெயிலுக்குப் பயந்து ஏசியில் தூங்க வந்தவர்களும் உண்டு. ஆனால் தூங்குகிறவருக்கும் சேர்த்து, ஒவ்வொரு காட்சிக்கும் தலைக்கு இவ்வளவு என்று படக்காரர்களுக்குக் கொடுத்தாக வேண்டும். முதலாளி வைகுண்டம் தவித்துப்போனார். ஞாயிற்றுக்கிழமையோடு பாஸை நிறுத்திவிடலாம் என்று மேனேஜரிடம் சொன்னார்.

அது பாஸின் காதில் விழுந்தது. அன்றிலிருந்து ஞானசெல்வியின் பர்ஸில் நூல்கண்டுக்கு அடியில் ஒளிந்துகொண்டது. அவள் துழாவி எடுத்துவிட்டாள்.

அவள் மடியில் கிடந்தபடி பதினாலாம் நம்பர் நாற்காலியிடம் அது புலம்பியது. "வாங்கினவங்க வராம இருந்தாத்தான் நான் பிழைப்பேன், அண்ணாச்சி."

"யாராவது வந்து உட்கார்ந்தாத்தாம்மா நான் நாற்காலி. இல்லைன்னா வெறும் இரும்பு" என்றது நாற்காலி.

இரண்டும் சேர்ந்து பிழைக்க வழி உண்டா என்று நாற்காலிக்கும் தெரியவில்லை.

ஞானசெல்விக்கு ஒரு பழக்கம் உண்டு. பார்த்த படத்தின் கதையைக் கடையில் எல்லோருக்கும் சொல்வாள், இடைவேளை வரைக்கும். அதற்கு மேல் கேட்டால் பட்டன் தைக்கக் குனிந்துகொள்வாள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. மூன்று தடவை பார்த்த படத்துக்கு நாலாவது தடவையா என்று நொந்தபடி பாஸ் பர்ஸிலிருந்து தலையை நீட்டியது. ஞானசெல்விக்குப் பின்னால் கடைப் பெண்கள் ஐந்து பேர், அவர்கள் வீட்டு ஆட்கள், ஒரு மாமியார். எல்லார் கையிலும் சாதா டிக்கெட்.

"மீதிக் கதையைச் சொல்ல மாட்டேங்கிறா, இந்த மூதி" என்று மாமியார் அலுத்துக்கொண்டே வந்தார்.

வாசலில் கிழிபடும்போது டிக்கெட் சிரித்தது. "அக்கா, நீ வரலைன்னா நான் இன்னிக்குக் கவுண்டர்லயே கிடந்திருப்பேன்."

வாசலில் மாட்டியிருந்த பாஸ் விளம்பர போர்டைக் கழற்ற வைகுண்டம் ஏணி கொண்டுவரச் சொல்லியிருந்தார். கூட்டத்தைப் பார்த்தார். ஏணியில் ஏறி, போர்டின் தூசியை மட்டும் துடைத்துவிட்டு இறங்கினார். இன்னும் ஒரு மாதம் பார்க்கலாம் என்றார்.

"இப்பவும் யாரும் வரக்கூடாதுன்னு வேண்டிக்கிறியாம்மா?" என்று கேட்டது நாற்காலி.

"சும்மா இருங்க அண்ணாச்சி. இடைவேளைக்குப் பிறகு என்ன ஆகுதுன்னு இவ யார்கிட்டயும் உளறிடக் கூடாது. அதைத்தான் வேண்டிக்கிறேன்" என்றது பாஸ்.