துடைத்த புள்ளி

"பெரிசு பண்ணா முகம் மாறுமா?" என்று கேட்டார் எத்திராஜுலு.

"மாறாது சார்," என்றாள் ஹசீனா.

"மாறியிருக்கே."

எத்திராஜுலு ஒரு நாளிதழில் புகைப்படக்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். ராயப்பேட்டையில் பிரிண்ட் கூடம் நடத்தும் ஹசீனாவிடம் வந்து, பழைய ஃபிலிமை ஸ்கேன் செய்து பெரிய பிரிண்ட் போடக் கற்றுக்கொண்டார். அவருடைய மகளைவிட அவளுக்கு வயது குறைவு. அவர் அவளை வாத்தியாரம்மா என்பார். ஆரம்பத்தில் அது கிண்டல். பிறகு அதுவே பழகிவிட்டது.

மறுநாள் அவருடைய கண்காட்சி. கலைக்கூடத்துச் சுவரில் படங்கள் ஏறிவிட்டன. ஊர்வலம், தீ விபத்து, கவிழ்ந்த பஸ், பதவியேற்ற அன்று மந்திரிகள். ஒரு படத்தை மட்டும் சுருட்டி, ஹசீனாவின் பிரிண்ட் கூடத்துக்குக் கொண்டுவந்திருந்தார்.

மேசைமேல் விரித்தார். ஆளுயரப் படம்.

கடற்கரை. இளம்பெண் ஒருத்தி தலையைப் பின்னால் சாய்த்து, வாயைத் திறந்து, வானத்தைப் பார்க்கிறாள். வலக்கை அந்தரத்தில் விரிந்திருக்கிறது. இடக்கையில் கூம்பாகச் சுருட்டிய காகிதம்.

"ரங்கநாயகி," என்றார். அவர் மனைவி. இறந்து சில வருடங்கள் ஆகின்றன.

"ஊர்ல எல்லாரையும் எடுத்தேன். இவளை உருப்படியா எடுத்தது இது ஒண்ணுதான். சிரிச்சா, எடுத்தேன். சின்ன பிரிண்ட் ஒண்ணு வீட்ல மாட்டியிருந்தோம். வெள்ளத்துல போச்சு. நெகடிவ் பரண்ல இருந்ததால தப்பிச்சுது."

ஹசீனா படத்தைப் பார்த்தாள்.

"சிரிக்கலையே சார்."

"அதைத்தான் சொல்றேன். கடைசில ஆஸ்பத்திரியில மூச்சுக்குத் தவிச்சா. அந்த முகம் இது. இதைப் பிரிண்ட் போட்டதுலேர்ந்து அவ சிரிப்பே ஞாபகம் வரமாட்டேங்குது. கண்ணை மூடினா இதுதான் வருது. வேண்டாம், சுவத்துல ஏத்தலை."

"ஸ்கேனைச் சுத்தம் பண்ணது யாரு?"

"நான்தான். வானத்துல ஒரு தூசிப் புள்ளி பாக்கி வைக்கலை." குரலில் பெருமை இருந்தது. "நெகடிவ்ல தூசி ஒட்டினா பிரிண்ட்ல வெள்ளைப் புள்ளி விழும். அதோட படம் போனா எங்க நியூஸ் எடிட்டர் மூஞ்சியிலேயே வீசுவார். பிரஷ்ல மை தொட்டு ஒவ்வொண்ணா அடைச்ச கை இது."

"துடைக்காத ஸ்கேன் இருக்கா?"

"நீதானே வெச்சுக்கச் சொன்னே."

பென் டிரைவைக் கொடுத்தார். ஹசீனா திரையில் திறந்தாள். வானம் முழுக்க ரவை கொட்டியதுபோல வெள்ளைப் புள்ளிகள்.

ஒன்றைக் காட்டினாள். "இது?"

"தூசி."

"இது?"

"தூசி."

ரங்கநாயகியின் முகத்துக்கு நேர் மேலே இருந்ததைக் காட்டினாள். "இது?"

"அதுவும் தூசிதான். உனக்குக் கண்ணு தெரியலையா?"

"மத்ததெல்லாம் கூரா இருக்கு. இது மட்டும் கலங்கியிருக்கு."

"கை ஆடியிருக்கும்."

"உங்க கை ஆடியிருந்தா படத்துல அம்மாவும்தானே கலங்கியிருப்பாங்க?"

எத்திராஜுலுவுக்குக் கோபம் வந்துவிட்டது. "நான் முகத்தைப் பத்திக் கேட்டா, நீ தூசியைப் பத்திப் பாடம் எடுக்கறே."

 ஹசீனா படத்தில் ரங்கநாயகியின் இடக்கையிலிருந்த காகிதக் கூம்பைப் பார்த்தாள். பிறகு எழுந்து படியிறங்கிப் போனாள்.

"எங்கே போறே?"

செருப்புச் சத்தம் தெருவுக்குப் போய்விட்டது.

திரும்பி வந்தபோது கையில் ஒரு பொட்டலம். வறுத்த வேர்க்கடலை.

"பசியா? நான் இங்கே தவிச்சுக்கிட்டு இருக்கேன், நீ கடலை வாங்கப் போறே. நல்ல வாத்தியாரம்மாதான் கிடைச்சே எனக்கு."

ஹசீனா பொட்டலத்தை இடக்கையில் பிடித்துக்கொண்டாள். வலக்கையால் ஒரு கடலையை மேலே வீசினாள். தலையைப் பின்னால் சாய்த்து, வாயைத் திறந்தாள்.

கடலை அவள் கண்ணாடியில் பட்டுத் தெறித்து மேசைக்கடியில் உருண்டது. அவள் சிரித்துவிட்டாள்.

எத்திராஜுலு சிரிக்கவில்லை. அவள் கையிலிருந்த பொட்டலத்தைப் பார்த்தார். மேசையிலிருந்த படத்தைப் பார்த்தார். திரைக்கு அருகே போய், கலங்கிய அந்தப் புள்ளியின்மேல் விரலை வைத்தார்.

"மூக்கு," என்றார்.

"என்ன சார்?"

"அவளுக்குக் கடலை மூக்குல பட்டுச்சு."

ஹசீனா, அவர் துடைத்த படத்தில் அந்த ஒரு புள்ளியை மட்டும் திரும்ப வைத்தாள். பிரிண்டரில் புதுத் தாளை ஏற்றினாள்.

"அதுக்கப்புறம்தான் சிரிச்சா," என்றார் எத்திராஜுலு. அவரே சிரித்துக்கொண்டிருந்தார். "நான் அப்போ அடுத்த படத்துக்கு ஃபிலிமைச் சுத்திக்கிட்டு இருந்தேன்."