பவுனம்மாவின் சிவப்புக் குறி

மலையடிவார மடம் ஒன்றில் வைத்தியலிங்கம் என்றொரு சீடர் இருந்தார். கம்ப்யூட்டர் கம்பெனி வேலையை விட்டுத் துறவுக்கு வந்தவர். அவர் விட்டாலும் கம்ப்யூட்டர் அவரை விடவில்லை. குரு அமுதவல்லி வயதில் அவரைவிட இளையவர். அதனால் சீடரை 'நீங்கள்' என்றே அழைப்பார்.

மலையேறுகிறவர்கள் வீசும் தண்ணீர் பாட்டில்களைப் பொறுக்கி விற்றுப் பலர் பிழைத்தார்கள். அந்தப் பாட்டில்கள் கடைசியில் ஆலையில் உருகுகின்றனவா, ஏதாவது ஓடையில் கிடக்கின்றனவா என்று ஒருவருக்கும் தெரியாது. வைத்தியலிங்கம் அதற்கு பிளாக்செயின் என்ற அழிக்க முடியாத கம்ப்யூட்டர் பதிவேடு ஒன்றைச் செய்தார்.

"சாக்குக்குச் சாக்கு, பொறுக்கினவங்க பேர்ல ஒரு ஸ்டிக்கர்மா," என்று குருவிடம் விளக்கினார். "கைமாறும்போதெல்லாம் போன்ல ஸ்கேன் பண்ணுவாங்க. ஊரூரா பல கம்ப்யூட்டர்ல ஒரே நேரத்துல பதிவாகிடும். தனியா ஒருத்தர் உட்கார்ந்து மாத்த முடியாது. நான் நினைச்சாலும் முடியாது."

"நல்லது," என்றார் குரு.

சுற்றுவட்டாரத்தில் பாட்டில் வாங்கும் குடோன்கள் எல்லாம் அதில் சேர்ந்தன. சீடருக்குக் கொஞ்சம் பெருமை வந்தது. துறவிக்கு ஆகாதுதான், ஆனாலும் வந்தது.

மழைக்காலத்தில் ஒருநாள் பவுனம்மா மூட்டையோடு மடத்து வாசலில் வந்து நின்றார். மலைப்பாதையில் பாட்டில் பொறுக்குகிறவர்.

"எந்த குடோன்லயும் எம் மூட்டைய வாங்க மாட்டேங்கறாங்க சாமி. போனைக் காட்டி, உம் பேர்ல செவப்பு விழுந்திருச்சுங்கறாங்க. பூச்சிமருந்து பாட்டில கலந்துட்டேனாம். மலை ஏற வர்றவன் எவன் சாமி பூச்சிமருந்து குடிச்சுட்டு வீசுறான்?"

வைத்தியலிங்கம் போனைப் பார்த்தார். உண்மைதான். ஆலையில் பிரித்தபோது பவுனம்மாவின் ஸ்டிக்கர் இருந்த சாக்கில் பூச்சிமருந்து பாட்டில்கள். அவை கலந்தால் உருக்கியது மொத்தமும் வீண். அதனால் சிவப்பு விழுந்தவரிடம் யாரும் வாங்கக் கூடாது. அந்த விதியை எழுதியவரும் அவரே.

அந்தச் சாக்குக்கு ஸ்டிக்கர் ஒட்டிய நாள் அவருக்கு நினைவு வந்தது. உள்ளே குருவிடம் போனார்.

"அன்னிக்கு மழைம்மா. ஈரச் சாக்குல ஸ்டிக்கர் ஒட்டலை. உரிச்சதையெல்லாம் முன்கையில ஒட்டி வெச்சுக்கிட்டு, சாக்கு காய்ஞ்சதும் எடுத்து ஒட்டினேன். அதுல ரெண்டு சாக்கு மாறிப்போச்சு."

"பவுனம்மா ஸ்டிக்கர் எந்தச் சாக்குக்குப் போச்சு?"

"நம்ம மடத்துத் தென்னந்தோப்புச் சாக்குக்கு."

"உள்ள என்ன இருக்குன்னு பார்த்தீங்களா?"

"நம்ம சாக்குதானேன்னு பார்க்கலை."

குரு போனை வாங்கித் திரையை மெதுவாகத் தள்ளிப் பார்த்தார்.

"பொறுக்கினவங்க பேரு இருக்கு. வண்டி ஓட்டினவர் பேரு இருக்கு. குடோன்காரர், ஆலைக்காரர் எல்லாரும் இருக்காங்க. ஸ்டிக்கர் ஒட்டினவர் எங்க?"

"அதுக்கு இடம் வைக்கலைம்மா."

"ஏன்?"

"ஒட்டுறது நான்தானே. தேவைப்படும்னு தோணலை."

"இந்தச் சிவப்பை எடுக்க முடியுமா?"

"முடியாது. கீழே இன்னொரு பதிவு சேர்க்கலாம். நடந்தது இதுதான்னு."

"சேருங்க."

"சேர்த்தா சிவப்பு மடத்து மேல வரும்."

"வரட்டும்."

"ஒட்டினவர்னு என் பேரைப் போடணும்."

"போடுங்க."

வைத்தியலிங்கம் போனைத் திரும்ப வாங்கிக்கொண்டார். ஆனால் விரல் நகரவில்லை. வெளியே மறுபடி தூறல் போட்டது. பவுனம்மா மூட்டையைச் சுவரோரம் நகர்த்தும் சத்தம் கேட்டது.

"அம்மா, ஒரு வழி இருக்கு. பவுனம்மாவை வேற பேர்ல புதுசா சேர்த்துடறேன். நாளைக்கே அவங்க மூட்டையை வாங்கிப்பாங்க. யாருக்கும் கஷ்டமில்லை."

"பழைய பதிவு?"

"அது பாட்டுக்கு ஒரு மூலையில கிடக்கும்."

"பவுனம்மாங்கற பேர்ல."

"ஆமாம்."

குரு அவர் முகத்தையே பார்த்தார். சீடரால் அதைத் தாங்க முடியவில்லை.

"என் பேரு ஒரு தடவை அதுல ஏறிட்டா என்னைக்கும் போகாதும்மா," என்றார்.

"பேரு வேண்டாம்னு இங்க வந்தவர் நீங்க," என்றார் குரு. "அவங்க அப்படி வரலை."