சரியாகச் சொன்னவரைப் பிடியுங்கள்!

வேங்கைமலை நாட்டை விசயகண்டர் என்ற மன்னர் ஆண்டுகொண்டிருந்தார். நல்லவர்தான். ஆனால் புதுப் பொருள் எதைக் கண்டாலும் வாங்கிவிடுவார். கடல் கடந்து வந்த வணிகன் ஒருவன் அவரிடம் மாயப் பலகைகள் சிலவற்றை விற்றுவிட்டுப் போனான். இங்கே ஒரு பலகையில் எழுதினால் அங்கே இன்னொரு பலகையில் தெரியும். நூறு காதம் தள்ளி இருந்தாலும் சரி!

எழுதுகிறவர் யார் என்று எப்படித் தெரியும்? அதற்கும் வழி வைத்திருந்தான் வணிகன். முதலில் உங்கள் பெயரை எழுத வேண்டும். பிறகு உங்களுக்கு மட்டுமே தெரிந்த ரகசியச் சொல்லை எழுத வேண்டும். சரியாக இருந்தால் இரண்டு பலகைகளும் பச்சையாக மின்னும். தப்பாக இருந்தால் சிவப்பாக முறைக்கும்.

பலகைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை பூதநாதருக்குக் கிடைத்தது. யாராவது ரகசியச் சொல்லைப் பதிய வந்தால் அவர் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். இது அரச கட்டளை.

மூன்று வருஷம் எல்லாம் நன்றாகத்தான் போனது. திடீரென்று ஒருநாள் கூவலூர்க் களஞ்சியத்திலிருந்து விதைநெல் நாற்பது வண்டி காணாமல் போயிற்று. காவலர்களைக் கேட்டால், "களஞ்சியத் தலைவி அரியநாச்சி அம்மாள்தான் பலகையில் உத்தரவு போட்டார். பச்சை மின்னியது. வந்தவர்களுக்கு ஏற்றிக் கொடுத்தோம்" என்றார்கள்.

அரியநாச்சி சபையில் நின்றாள். "பிரபு, நான் எழுதவே இல்லை. குடியானவர்களின் விதைநெல்லை எடுத்துக் கொடுப்பேனா?"

"பச்சை மின்னியிருக்கிறதே அம்மா!" என்றார் மன்னர். "சூரியன் மறைவதற்குள் குடும்பத்தோடு நாட்டை விட்டுப் போய்விடு."

அவையில் விகடகவி தத்தன் உட்கார்ந்திருந்தான். எந்நேரமும் சிரித்த முகம் அவனுக்கு. அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. அரியநாச்சியின் நேர்மையை அவன் அறிவான். எழுந்துவிட்டான்.

"பிரபு, எழுதியது இந்த அம்மாள் இல்லை."

பூதநாதர் ஏளனமாகச் சிரித்தார். "ரகசியச் சொல் பொருந்திவிட்டது தத்தா. அதை விட்டால் பலகைக்கு அப்பால் இருப்பவர் யார் என்று பிரம்மாவாலும் சொல்ல முடியாது."

மன்னருக்கு அந்தப் பேச்சு பிடித்துப் போயிற்று. "தத்தா! ரகசியச் சொல்லை நம்பாமல் ஆளை அடையாளம் காட்டு பார்ப்போம். முடியாவிட்டால் நீயும் அவளோடு மூட்டையைக் கட்டு."

"ஆகட்டும் பிரபு. அம்மா, இந்தப் பலகையில் உங்கள் சொல்லை எழுதுங்கள்."

அரியநாச்சி எழுதினாள். சிவப்பு. அழித்துவிட்டு எழுதினாள். மறுபடி சிவப்பு. நெற்றியைத் தட்டிக்கொண்டாள். "ஐயோ, கடைசியில் ஒரு எண் வருமே!" நாலாம் தடவைதான் பச்சை மின்னியது.

"நடிக்கிறாள்!" என்று கத்தினார் பூதநாதர்.

காவலர்கள் சாட்சிக்குக் கொண்டுவந்திருந்த ஓலைக்கட்டைத் தத்தன் பிரித்தான். "இது கூவலூர் எழுத்தர் படியெடுத்து வைத்தது. பலகையில் வந்த உத்தரவும், மின்னிய நிறமும் அத்தனையும் இதில் இருக்கிறது. அம்மாள் எழுதிய ஒவ்வொரு நாளும் முதலில் சிவப்பு, சிவப்பு, சிவப்பு! மூன்று வருஷமாகவா ஒருவர் நடிப்பார்? நெல் போன அன்று மட்டும் எடுத்த எடுப்பில் பச்சை. சொந்தச் சொல்லாக இருந்தால் மறந்திருக்கும் பிரபு. திருடிய சொல், அதனால்தான் பத்திரமாக இருந்திருக்கிறது."

மன்னர் மோவாயைத் தடவினார். "அன்றைக்கு மட்டும் ஞாபகம் வந்திருக்கலாமே? தன் சொல்லை யாராவது மறப்பார்களா?"

"தாங்கள் எழுதிக் காட்டுங்களேன்."

"இதென்ன பிரமாதம்!" மன்னர் மீசையை முறுக்கிக்கொண்டு எழுதினார். சிவப்பு. இன்னொன்று எழுதினார். அதுவும் சிவப்பு. நெற்றி வியர்த்தது. சபையே தரையைப் பார்த்தது.

அந்த அரண்மனையில் ஒரு வழக்கம் உண்டு. மன்னர் பேச்சில் தடுமாறினால் பக்கத்தில் நிற்பவர் மெல்ல எடுத்துக் கொடுக்க வேண்டும். பாட்டின் அடியோ, தூதுவரின் பெயரோ, எதுவானாலும் சரி. இருபது வருஷமாக அதில் பூதநாதரை மிஞ்ச ஆளில்லை. மன்னர் மூன்றாம் தடவை எழுத்தாணியைத் தூக்கிக்கொண்டு விழித்தார். பூதநாதருக்கு மனசு கேட்கவில்லை. குனிந்து, காதோரம் சொல்லிவிட்டார்.

"பவளமல்லி, பிரபு."

"ஆமாம், பவளமல்லி!" மன்னர் குஷியாக எழுதினார். பலகை பளிச்சென்று பச்சையாக மின்னியது.

மன்னரின் புன்னகை மெல்ல மறைந்தது. திரும்பினார்.

"பூதநாதரே, என் ரகசியச் சொல் உமக்கு எப்படித் தெரியும்?"

பூதநாதர் இரண்டு அடி பின்வாங்கினார். முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டிய நேரத்தில் எல்லாம் ஓரக்கண்ணால் எல்லோர் சொல்லையும் பார்த்து வைத்திருக்கிறார் மனுஷர்! வீரர்கள் அவர் தோட்டத்துக்கு ஓடினார்கள். வைக்கோல் போர்களுக்குப் பின்னால் நெல் மூட்டைகள் கூரை உயரத்துக்கு நின்றன. செய்தி கேட்ட அரியநாச்சி சபையிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டாள். மன்னர் இறங்கி வந்து, "என்னை மன்னித்துவிடு அம்மா" என்றார். பூதநாதர் சிறைக்குப் போனார்.

"தத்தா, இனிமேல் ரகசியச் சொல்லே வேண்டாமா?" என்று கேட்டார் மன்னர்.

"கேட்பதை மட்டும் நிறுத்தாதீர்கள் பிரபு. தடுமாறினால் நம் ஆள், கதவைத் திறந்துவிடலாம். எடுத்த எடுப்பில் சரியாகச் சொன்னால் பிடித்துக் கட்டிவிடலாம்."

மன்னர் விழுந்து விழுந்து சிரித்தார். கழுத்து முத்து மாலையைக் கழற்றித் தத்தனுக்குப் போட்டார். பிறகு அவன் தோளில் கை போட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"நான் புதுச் சொல் ஒன்று வைக்கப் போகிறேன். எப்படியும் மறந்துவிடுவேன். உன் காதில் போட்டு வைக்கட்டுமா?"

தத்தன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டான்.

"வேண்டவே வேண்டாம் பிரபு! எனக்கு ஞாபகம் இருந்து தொலைத்தால், அடுத்து என்னைத்தான் பிடிப்பீர்கள்!"