ஜெபமணி போட்ட கீறல்

கார் மெக்கானிக் ஆசானிடம் வேலை கற்க வந்தபோது நேசையனுக்கு வயது ஐம்பத்திரண்டு. ஆசானைவிட ஆறு வயது மூப்பு. சொந்தமாக நடத்திய ஒர்க்‌ஷாப்பை மூடிவிட்டு, அங்கே கிடந்த பழைய காரையும் கட்டி இழுத்துக்கொண்டு வந்திருந்தார்.

"எஞ்சின் புல்லியில வெட்டின டைமிங் கோடு நேரா நிக்குது ஆசானே. பொறி விழுற டைமிங் சுத்தம். ஆனா மேடு ஏறினா இழுக்கல்ல, தண்ணி கொதிக்குது. ஏன்?"

"வேற யாரும் பாத்தாங்களா?"

"என் தம்பி ஜெபமணி பாத்தான். கோடு பொய் சொல்லுது அண்ணேன்னான். காதால கேட்டே டைமிங் வெச்சு, அந்த இடம் தெரிய, பொறி பிரிச்சு விடுற டிஸ்ட்ரிபியூட்டரையும் எஞ்சினையும் சேத்து ஒரு கீறல் போட்டான்."

"நீரு?"

"மறுபடி கோட்டுக்கே திருப்பி வெச்சேன். செவிட்டுப் பயலேன்னு நாலு பேர் முன்னால ஏசினேன்."

ஜெபமணி அன்றைக்கே கிளம்பிப் போனான். மூன்றாம் மாதம், வெளியூரில் ஒரு லாரி ஷெட்டில் காய்ச்சலோடு கிடந்து, கேட்க நாதியில்லாமல் செத்தான். அதன்பிறகு நேசையனுக்கு ஒரே ஆசைதான் மிச்சம். கோடு மெய்யாக இருக்க வேண்டும். தம்பி தப்பாகச் சொன்னான் என்று தெரிந்தால் போதும், ராத்திரி கொஞ்சம் தூங்கலாம். பாவம், அதற்கு ஓர் ஆசானைத் தேடி வந்திருந்தார்.

ஆசான் முதல் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினார். ஓட்டையில் கட்டைவிரலை வைத்துக்கொண்டு, நேசையனை எஞ்சினைக் கையால் சுற்றச் சொன்னார். காற்று விரலைத் தள்ளியதும், விளக்குமாற்றிலிருந்து உருவிய ஈர்க்கிலை உள்ளே விட்டார். பிஸ்டனோடு ஈர்க்கிலும் மெல்ல ஏறி, உச்சியில் நின்றது.

"பிஸ்டன் உச்சியில நிக்குது. கோடும் நேரா நிக்கணும். இப்பக் கோட்டப் பாரும்."

கோடு ஒரு விரல் தள்ளி நின்றது.

"புல்லிக்குள்ள ரப்பர் இருக்கு. சூட்டுல வழுகி, வெளி வளையம் நகந்துபோச்சு."

நேசையன் கோட்டை விரலால் தடவிப் பார்த்தார். "அவன் போன பெறவு நகந்திருக்கலாம்லா ஆசானே?"

ஆசான், ஈர்க்கில் உச்சியைத் தொடுவதற்குக் கொஞ்சம் முன்னால் பொறி விழும்படி டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பி இறுக்கினார். பிறகு அதன் கழுத்தைக் கந்தல் துணியால் துடைத்தார். எண்ணெய்ப் பிசுக்குக்கு அடியில் கீறல் தெரிந்தது. டிஸ்ட்ரிபியூட்டரில் பாதி, எஞ்சினில் பாதி. இரண்டும் மயிரிழை பிசகாமல் சேர்ந்திருந்தன.

பிளக்கை மாட்டி, ஆசான் சாவியைத் திருப்பினார். எஞ்சின் பிடித்துக்கொண்டது. ஒரு விக்கல்கூட இல்லை.

நேசையன் பானெட்டைப் பிடித்தபடி அப்படியே குந்திவிட்டார். "நிறுத்துங்க ஆசானே. என்னால தாங்க முடியல்ல."

"ஓடட்டும்," என்றார் ஆசான். "அவன் வெச்ச டைமிங். காதுகொடுத்துக் கேளும்."