சுழலிக்குள் இருந்தவள்

அந்தக் காலத்தில், விண்மீன்கள் வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்தபோது, செம்பி என்ற பெரிய விண்மீன் எரிந்து தீர்ந்து, வெடித்துச் செத்துப்போனாள். மேல் உடம்பெல்லாம் புகையாய்ப் பறந்தது. நடு நெஞ்சு மட்டும் இறுகிச் சுருங்கி, ஒரு ஊரளவே உள்ள மகளாய் நின்றது. அவள்தான் சுழலி.

பிறந்ததிலிருந்தே அவள் சுற்றிக்கொண்டிருந்தாள். கையில் ஒரு விளக்கு. ஒவ்வொரு சுற்றுக்கும் அந்த வெளிச்சம் பக்கத்தில் இருந்த வெள்ளாயி என்ற கிழட்டு விண்மீனின் முகத்தில் ஒருமுறை அடித்துவிட்டுப் போகும்.

"ஏண்டி, தட்டாமாலை சுத்துறதுக்கு ஒரு அளவு வேணாம்? என் கண்ணே போச்சு."

"நின்னா விளக்கு அணைஞ்சிரும் அத்தை. அப்புறம் நான் இருக்கிறதே யாருக்கும் தெரியாது."

அதுதான் அவள் பயம். ஏனென்றால் சுற்று கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்துகொண்டே வந்தது. வெள்ளாயியும் அதைக் கவனித்துவிட்டாள். இப்போதெல்லாம் கேலி செய்வதில்லை.

ஒருநாள், சுழலியின் தோலுக்கு அடியில் வேறு யாரோ சுற்றுவது கேட்டது. இவள் தளர்ந்தாலும் அது தளரவில்லை. வயிற்றுப் பிள்ளை உதைப்பதுபோல் உள்ளிருந்து முட்டியது. பிறகு பேசியது.

"கண்ணு, கால் வலிக்குதா? வாயைத் திற. அம்மா தள்ளிவிடுறேன்."

வெள்ளாயிக்கும் கேட்டுவிட்டது. பதறிப்போனாள். "வாயைத் திறக்காதடி! செத்தவங்க கூப்பிட்டா நம்ம சனத்துல யாரும் என்னான்னு கேக்கக் கூடாது."

சுழலி பொறுத்துப் பார்த்தாள். விளக்கு மங்கியது. அம்மாவின் குரலை அவள் அதுவரை கேட்டதே இல்லை.

"என்னம்மா?" என்றாள்.

தோல் படாரென்று பிளந்தது. நெருப்பு பீறிட்டது, வானமே கண்ணை மூடிக்கொண்டது. அடங்கியபோது சுழலி பம்பரமாய்ச் சுற்றினாள்.

"பாத்தீங்களா அத்தை!" என்று சிரித்தாள். சிரிப்பு இரண்டு குரலில் வந்தது. வெள்ளாயி அன்றோடு அவளிடம் பேச்சை விட்டுவிட்டாள்.

ஆனால் அந்த வேகம் நிலைக்கவில்லை. முன்பைவிடச் சீக்கிரமாகத் தளர்ந்தாள். பயந்துபோய் மறுபடி அம்மாவைக் கூப்பிட்டாள். மறுபடி தோல் பிளந்தது, நெருப்பு கொட்டியது. இந்தத் தடவை அம்மா தள்ளவில்லை. காலைப் பிடித்துக்கொண்டாள்.

"விடும்மா, விளக்கு அணைஞ்சிரும்!"

"அணையட்டும் கண்ணு. உள்ளே தனியா இருக்க எனக்குப் பயமா இருக்கு."

சுழலி காலை உதறினாள். விளக்கு அணையவில்லை. பிடியும் விடவில்லை.

அன்று முதல்தான், சுழலியைப் போன்ற இளம் சுழல்மீன்கள் நெருப்பைக் கக்கி அடங்கியதும் ஒரு நேரம் திடீரென்று வேகமெடுக்கின்றன, ஒரு நேரம் திடீரென்று தளர்ந்துபோகின்றன. உள்ளே இருப்பவள் தள்ளினாளா, பிடித்தாளா என்பது, விளக்கு அடுத்த முறை இந்தப் பக்கம் திரும்பினால்தான் நமக்குத் தெரியும்.